எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும் அதிவேகக் கேபிளும்: சரியாக இணைக்க ஒரு வழிகாட்டி

கல்யாண வீடியோவை வாங்கப் போகும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கையோடு கொண்டு வரும்படி புகைப்படக்காரர் சொல்வது இன்று சென்னையில் வழக்கமாகிவிட்டது. முகூர்த்தம், வரவேற்பு, தனித்தனிக் கேமராக்களில் எடுத்த காட்சிகள் எல்லாம் சேர்ந்து 500 ஜிபி வந்துவிடுவது அரிதல்ல. அதை வீட்டுக் கணினிக்கு மாற்ற முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக முடியும் வேலை, இன்னொரு வீட்டில் அதே டிஸ்க்கை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் இழுக்கிறது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்றும் கணினி பழசாகிவிட்டது என்றும் முடிவு கட்டிப் புதிதாக வாங்கப் புறப்படுகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு சரியான கேபிள் மட்டுமே. விலை உயர்ந்த கேபிளை வாங்கிவிட்டால் டிஸ்க் பறக்கும் என்று நம்பிப் பணத்தை வீணாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டிஸ்க்குக்கு எந்தக் கேபிள் போதும், அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படி இணைத்துச் சோதிப்பது என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

வேகத்தை எது தீர்மானிக்கிறது

ஒரு கோப்பு டிஸ்க்கிலிருந்து கணினிக்கு வரும் வழியில் நான்கு பேர் இருக்கிறார்கள்: டிஸ்க், அதன் பெட்டிக்குள் இருக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை, கேபிள், கணினியில் அதைச் செருகும் துளையான போர்ட். இந்த நால்வரில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகமே மொத்தப் பயணத்தின் வேகம். மற்ற மூவரும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை.

ஆகவே முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும், தனி மின் அடாப்டர் இல்லாத 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் பொதுவாக விநாடிக்கு 100 முதல் 140 எம்பி வரை படிக்கும், எழுதும். மேசையில் வைத்துப் பயன்படுத்தும், அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்க் 150 முதல் 250 எம்பி வரை போகும். இவை இரண்டிலும் உள்ளே தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. இந்த எல்லைக்கு மேல் எந்தக் கேபிளாலும் அதை விரைவுபடுத்த முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியின் கதை வேறு. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் இயங்கும் எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரையிலும், என்விஎம்இ என்ற புதிய முறையில் இயங்குவது 1000 எம்பியைத் தாண்டியும் கொடுக்கும்.

இப்போது கேபிளின் பக்கம் வருவோம். 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0இன் எல்லை விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அது கணக்குப்படி 60 எம்பி. நடைமுறையில் 30 முதல் 40 எம்பிதான் கிடைக்கும். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0இன் எல்லை 5 ஜிகாபிட். நடைமுறையில் 400 எம்பிக்கு மேல் கிடைக்கும். இந்த எண்களை மேலே சொன்ன டிஸ்க் வேகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரியும். யூஎஸ்பி 2.0 கேபிளில் மாட்டிய எந்த ஹார்டு டிஸ்க்கும் தன் திறமையில் பாதியைக்கூடக் காட்ட முடியாமல் போகிறது. ஆனால் 5 ஜிகாபிட் கேபிள் கிடைத்துவிட்டால் சுழலும் டிஸ்க்குக்கு அதுவே தாராளம். 10 ஜிகாபிட், 40 ஜிகாபிட் கேபிள்களுக்காகச் செலவழிப்பதால் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. அந்தக் கேபிள்கள் எஸ்எஸ்டிக்கு உரியவை.

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

யூஎஸ்பியின் பெயர்கள் வாங்குகிறவரைக் குழப்புவதற்கென்றே வைத்தவை போல இருக்கின்றன. 2008இன் யூஎஸ்பி 3.0தான் பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதற்கும் பின்னர் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாறியது. மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். 2013இல் வந்த 10 ஜிகாபிட் வகை இப்போது 3.2 ஜென் 2 எனப்படுகிறது. 20 ஜிகாபிட் வகைக்கு 3.2 ஜென் 2x2 என்று பெயர். 2019இல் வெளியான யூஎஸ்பி4 40 ஜிகாபிட் வரையிலும், 2022இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 80 ஜிகாபிட் வரையிலும் செல்லும். பெட்டியின் மேல் "3.2" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது 5ஆ, 10ஆ, 20ஆ என்று சொல்ல இயலாது. இந்தக் குழப்பத்தை உணர்ந்துதான் யூஎஸ்பி தர அமைப்பே 2022 முதல் பதிப்பு எண்ணை விட்டுவிட்டு வேகத்தையே சின்னத்தில் அச்சிடும்படி பரிந்துரைக்கிறது. நீங்களும் 5, 10, 20, 40 என்ற எண்களை மட்டும் தேடுங்கள்.

20 ஜிகாபிட் எஸ்எஸ்டி வாங்க நினைப்பவர்கள் ஒரு நொடி நிற்க வேண்டும். அந்த வேகத்தை ஆதரிக்கும் போர்ட் பெரும்பாலான லேப்டாப்களில் இல்லை. ஆப்பிளின் மேக் கணினிகளில் அந்த டிஸ்க்கை மாட்டினால் 10 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். கூடுதல் விலை கொடுத்தும் பலன் கிட்டாது.

தண்டர்போல்ட் என்பது இன்டெல்லும் ஆப்பிளும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த தனி வகை. 2015இன் தண்டர்போல்ட் 3 முதல் அதுவும் டைப்-சி வடிவத்தையே எடுத்துக்கொண்டது. கேபிள் முனையில் மின்னல் குறியும் 3, 4 அல்லது 5 என்ற எண்ணும் இருக்கும். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு இதற்கான தேவை குறைவு. பழைய இ-சாட்டா, பயர்வயர் போர்ட்கள் உள்ள டிஸ்க்குகள் இன்னும் சில ஸ்டூடியோக்களில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் யூஎஸ்பி போர்ட்டும் உண்டு. இருந்தால் அதன் வழியாகவே உள்ளடக்கத்தைப் புதிய டிஸ்க்குக்கு விரைவில் மாற்றிவிடுவது நல்லது.

கையில் இருக்கும் கேபிள் எந்த வகை

இந்தக் கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. பெரும்பாலான தாமதங்களுக்குக் காரணம், வடிவம் பொருந்துகிறது என்பதற்காகப் பொருத்தமில்லாத கேபிளைச் செருகிவிடுவதுதான்.

2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகளில் பலவற்றின் போர்ட், இரண்டு பகுதிகளாகப் பிரிந்த, தட்டையான, அகலமான வடிவில் இருக்கும். இதற்கு மைக்ரோ-பி 3.0 என்று பெயர். உற்றுப் பார்த்தால் அதில் ஒரு பகுதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த சார்ஜர் துளையின் அதே அளவில் இருப்பது தெரியும். அந்தப் பழைய சார்ஜர் கேபிளை அதில் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், டிஸ்க்கும் விளக்கெரிந்து வேலை செய்யும், ஆனால் யூஎஸ்பி 2.0 வேகத்தில் மட்டுமே. டிஸ்க்குடன் வந்த கேபிள் தொலைந்துபோன வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. எல்லாம் சரியாக இயங்குவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை; டிஸ்க் வயதாகி மந்தமாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் கம்பிகளின் எண்ணிக்கை. யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்தான் உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. 3.0 கேபிளில் இவற்றோடு, அனுப்புவதற்கு ஒரு ஜோடியும் பெறுவதற்கு ஒரு ஜோடியும், அவற்றுக்கான தரைக் கம்பியும் சேர்ந்திருக்கும். அதனால்தான் நல்ல 3.0 கேபிள் சற்றுத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. கேபிளின் மறுமுனையான, நமக்குப் பழகிய செவ்வக டைப்-ஏ முனைக்குள் பார்த்தால் 2.0 வகையில் நான்கு தொடுமுனைகள் தெரியும், 3.0 வகையில் உள்ளே தள்ளி இன்னும் ஐந்து இருக்கும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீல நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 3.0. ஆனால் நிறம் கட்டாயமில்லை. கறுப்பிலும் வெள்ளையிலும் 3.0 போர்ட் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. நிறத்தைவிட ஐந்து கூடுதல் தொடுமுனைகளும், "எஸ்எஸ்" என்ற ஆங்கில எழுத்துக் குறியும் நம்பத்தக்க அடையாளங்கள்.

டைப்-சி வந்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகிவிட்டது. இருமுனையும் டைப்-சியாக இருக்கும் ஒரு கேபிள் 480 மெகாபிட்டாகவும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம், வெளித்தோற்றம் ஒன்றுதான். போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்களில் மிகப் பல யூஎஸ்பி 2.0 மட்டுமே. ஐபோன் 15 பெட்டியில் வந்த டைப்-சி கேபிளும் அந்த வகைதான். ஆகவே வீட்டில் இருக்கும் சார்ஜர் கேபிளை எஸ்எஸ்டிக்குப் பயன்படுத்துவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். டிஸ்க்குடன் வந்த கேபிளை அதனோடே ஒரு உறையில் வையுங்கள். அதன் முனையில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி "டிஸ்க், 10 ஜிகாபிட்" என்பதுபோல் எழுதிவையுங்கள்.

நீளமும் முக்கியம். வேகம் கூடக்கூடக் கேபிளின் நீளம் குறைய வேண்டும். 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகலாம். 5 ஜிகாபிட்டுக்கு 2, 3 மீட்டர் எல்லை. 10 ஜிகாபிட்டுக்கு 1 மீட்டர். உள்ளே மின்சுற்று எதுவும் இல்லாத சாதாரண 40 ஜிகாபிட் கேபிளுக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். எக்ஸ்டென்ஷன் கேபிளை இடையில் சேர்த்து நீட்டுவது வேகத்தைக் கெடுப்பதோடு, நகலெடுக்கும் நடுவிலேயே இணைப்பு அறுந்துபோகவும் காரணமாகிறது. டிஸ்க்கைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே சரியான வழி.

ரிச்சி தெருவில் வாங்கும்போது

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் எல்லா விலையிலும் கேபிள் கிடைக்கும். அங்கே போய் "நல்ல டைப்-சி கேபிள் கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் 60 வாட், 100 வாட் என்று எழுதிய கேபிளை எடுத்துக் காட்டுவார். கேட்பவர்களில் அதிகமானோர் சார்ஜ் செய்வதற்காக வாங்குகிறவர்கள் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாட் என்பது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதற்கான அளவு. தகவல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 100 வாட் தாங்கும் கேபிள்களில் எத்தனையோ 480 மெகாபிட்டில் நின்றுவிடுகின்றன. "டேட்டா எத்தனை ஜிபிபிஎஸ்?" (அதாவது விநாடிக்கு எத்தனை ஜிகாபிட்) என்று கேளுங்கள், அந்த எண் உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத கேபிளை 2.0 என்றே கொள்ளுங்கள்.

முடிந்தால் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் எடுத்துச்செல்லுங்கள். ஒரு பெரிய கோப்பை அங்கேயே நகலெடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுக்க மாட்டார்கள். முனை போர்ட்டுக்குள் ஆடாமல் இறுக்கமாக உட்கார்கிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். லேசாக அசைத்தாலே டிஸ்க்கின் விளக்கு அணைந்து எரிந்தால் அந்தக் கேபிளை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். மெதுவான கேபிளால் உங்கள் நேரம்தான் போகும்; ஆடும் கேபிளால் கோப்புகளே போய்விடும்.

பழுதான கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க விரும்புபவர்களுக்கு, சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் அதே கடைகளில் கிடைக்கும். 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடிவிடும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. ஆகவே அடாப்டருடன் வரும் மாற்றியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மின்சாரம்

யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டில் அது 900. சுழலும் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அதற்கு அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. போர்ட்டால் அதைத் தர முடியாவிட்டாலோ, கேபிளின் கம்பி மெல்லியதாக இருந்து வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துவிட்டாலோ, டிஸ்க் தொடங்க முயன்று முயன்று நின்றுவிடும். "டிக், டிக்" என்ற ஒலியும் கேட்கலாம். இந்த ஒலியைக் கேட்டவுடன் டிஸ்க் செத்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். உடனே கழற்றிவிட்டு, குட்டையான வேறொரு கேபிளால் கணினியின் போர்ட்டிலேயே நேராக ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஒலி நிற்கவில்லை என்றால் மறுபடியும் முயலாதீர்கள். அது டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கோளாறாக இருக்கக்கூடும், ஒவ்வொரு முயற்சியும் தட்டைச் சேதப்படுத்தும். தகவல் மீட்புப் பணி செய்கிறவர்களிடம் அப்படியே கொண்டு செல்லுங்கள்.

ஒரு போர்ட்டைப் பல போர்ட்களாக்கும் ஹப் பயன்படுத்துவதாக இருந்தால், தனக்கென்று மின் அடாப்டர் உள்ள ஹப்பையே பயன்படுத்துங்கள். மின் அடாப்டர் இல்லாத ஹப்பில் இரண்டு டிஸ்க்குகளை மாட்டுவது இரண்டையும் ஆபத்தில் வைப்பதாகும்.

அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நம் ஊர்ச் சூழலில் இன்னொரு கவலை உண்டு. மேசைக் கணினியை யூபிஎஸ்ஸில் மாட்டியிருப்பார்கள். டிஸ்க்கின் அடாப்டரை மட்டும் பக்கத்துச் சுவர் பிளக்கில் மாட்டியிருப்பார்கள். மின்சாரம் போனால் கணினி அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் நடுவழியில் நின்றுவிடும். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பும், சில வேளைகளில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் டிஸ்க்கின் அட்டவணையும் கெட்டுப்போகும். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் சிறு இடைவெளியில் இதே விபத்து நடக்கலாம். டிஸ்க்கின் அடாப்டரும் கணினியும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் நம்பியிருப்பவர்கள், அதில் யூபிஎஸ் முறை என்று ஒரு விசை இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். மாறும் நேரம் குறையும். வேறு சாதனத்தின் அடாப்டர் முனை பொருந்துகிறது என்று டிஸ்க்கில் செருகவே கூடாது. 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் ஒருமுறை பட்டாலே 12 வோல்ட் டிஸ்க்கின் மின்சுற்று எரிந்துவிடும்.

இணைக்கும் முறை

டிஸ்க்கை முதலில் தட்டையான, அசையாத இடத்தில் வையுங்கள். சுழலும் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நகர்த்துவதோ, நிமிர்த்திச் சாய்ப்பதோ கூடாது; மேசை விளிம்பில் கேபிள் தொங்கும்படி வைத்தால் கடந்து போகிற குழந்தையின் கை பட்டாலே போதும். அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருந்தால் அடாப்டரை மாட்டி இயக்கிய பிறகு யூஎஸ்பி கேபிளை மாட்டுங்கள். இல்லாவிட்டால் கேபிளை முதலில் டிஸ்க்கிலும் பின்னர் கணினியிலும் செருகுங்கள். மைக்ரோ-பி முனையை நேராகப் பிடித்து, கோணலாக அழுத்தாமல், கடைசி வரை உள்ளே தள்ள வேண்டும். இந்த வகைப் போர்ட் பலகையில் சிறிய ஈயப் பற்றுகளால் மட்டுமே நிற்பதால், மேலும் கீழும் ஆட்டினால் பெயர்ந்துவிடும். கணினிப் பக்கத்தில் டைப்-ஏ முனையைத் தயங்கித் தயங்கிச் செருகாமல் ஒரே சீராக முழுவதும் செருகுங்கள். 3.0 கேபிளின் முனை பாதி மட்டும் உள்ளே போய் நின்றால் கணினி அதை 2.0 என்று எண்ணிக்கொண்டு அந்த வேகத்திலேயே இணைத்துவிடக்கூடும்.

மேசைக் கணினியில் முன்பக்கத்துப் போர்ட்களைவிடப் பின்பக்கத்துப் போர்ட்கள் மேல். அவை மதர்போர்டிலேயே நேரடியாக இருப்பவை. முன்பக்கத்தவை பெட்டிக்குள் ஓடும் இன்னொரு கேபிள் வழியாக வருபவை. கம்பியில்லா மவுஸ் அல்லது கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதன் சிறிய ரிசீவரை டிஸ்க்கின் கேபிளுக்குப் பக்கத்துப் போர்ட்டில் மாட்ட வேண்டாம். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட அறிக்கை விளக்குகிறது. டிஸ்க்கை மாட்டியவுடன் மவுஸ் தடுமாறினாலோ வைஃபை தளர்ந்தாலோ காரணம் இதுதான். இரண்டையும் சற்று விலக்கி வைத்தால் சரியாகும்.

புதிய டிஸ்க் என்றால் அதன் பார்மட்டையும், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையையும், ஒருமுறை பாருங்கள். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதற்கு என்டிஎஃப்எஸ் ஏற்றது. மேக் கணினி அதைப் படிக்கும், ஆனால் இயல்பாக அதில் எழுதாது. இரண்டிலும் பயன்பட வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 பார்மட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது என்பதால் கல்யாண வீடியோவுக்கு அது உதவாது. பார்மட்டை மாற்றினால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துபோகும் என்பதால் இதை டிஸ்க் காலியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வேகம் கிடைக்கிறதா என்று பார்ப்பது

5 ஜிபிக்குக் குறையாத ஒரே வீடியோ கோப்பை, எஸ்எஸ்டி என்றால் அதைவிடப் பல மடங்கு பெரிய கோப்பை, எடுத்து டிஸ்க்குக்கு நகலெடுங்கள். முதல் சில விநாடிகளில் கணினி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கோப்பு அப்போது கணினியின் நினைவகத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்து நிற்கும் வேகமே உண்மையான வேகம். அது 30, 40 எம்பியில் அசையாமல் நின்றால் கேபிளோ போர்ட்டோ 2.0 என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 100க்கு மேல் இருந்தால் சுழலும் டிஸ்க்குக்கு அது நிறைவான வேகம். எஸ்எஸ்டியில் 400ஐ ஒட்டி நின்றால் 5 ஜிகாபிட் இணைப்பு. 900ஐத் தாண்டினால் 10 ஜிகாபிட் இணைப்பு.

மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்து சிஸ்டம் இன்பர்மேஷனுக்குள் யூஎஸ்பி பகுதியைப் பார்த்தால் இணைப்பின் வேகத்தையே எண்ணால் காட்டும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை -t என்ற குறியோடு இயக்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே 480, 5000, 10000 என்று எண் வரும். விண்டோஸில் சில நேரங்களில் "இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்கும்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். அதை மூடிவிடாமல் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் நகலெடுப்பது இழுத்தால் காரணம் கேபிளில் இல்லை. ஆயிரக்கணக்கான சிறிய புகைப்படங்களை நகலெடுக்கும்போது சுழலும் டிஸ்க்கின் முனை ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி அலைவதால் வேகம் சரிந்துவிடும். அதிகக் கொள்ளளவுள்ள 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில், தடங்களை ஓட்டு வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதும் முறை இருக்கிறது. அவற்றில் நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் எழுதினால் பாதியில் வேகம் வெகுவாகக் குறையும். இது பழுது அன்று. இரவில் நகலெடுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்ப்பதே அதற்கு வழி.

டிஸ்க் தெரியவில்லை என்றால்

முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை, பிறகு கணினியை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாமல் போய்விடும். விளக்கு எரிந்து, தட்டு சுழலும் அதிர்வும் கையில் தெரிந்து, ஆனால் விண்டோஸில் மட்டும் தெரியவில்லை என்றால், ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க் இருந்து அதற்கு D, E போன்ற அடையாள எழுத்து மட்டும் ஒதுக்கப்படாமல் இருந்தால், ஓர் எழுத்தைக் கொடுத்தவுடன் வந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். "பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும்" என்று கணினி கேட்கும்போது, உள்ளே உங்களுக்கு வேண்டிய கோப்பு ஒன்றாவது இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்து செய்துவிட்டு வேறு கேபிளில் மாட்டிப் பாருங்கள். மோசமான இணைப்பால் அட்டவணையைப் படிக்க முடியாதபோதும் இதே கேள்விதான் வரும். நல்ல கேபிளில் அதே டிஸ்க் முழுமையாகத் திறந்துகொள்வது உண்டு.

கழற்றுவதும் வைப்பதும்

நகலெடுத்து முடிந்தபின் மூலக் கோப்புறையின் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் நகலில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்; நான்கைந்து வீடியோக்களைத் திறந்து நடுப்பகுதியை ஓட்டிப் பாருங்கள். மூலத்தை அழிப்பதாக இருந்தால் அதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒரே டிஸ்க்கில் மட்டும் இருக்கும் கோப்பைப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ண வேண்டாம்.

விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பான 1809 முதல், வெளிப்புற டிஸ்க்கை உடனே கழற்றுவதற்கு ஏற்றபடி இயல்பமைப்பு மாறியிருக்கிறது. ஆனாலும் பாதுகாப்பாக அகற்றும் வசதியைப் பயன்படுத்திய பிறகே கழற்றுங்கள்; சுழலும் டிஸ்க்காக இருந்தால் தட்டு நின்று அதிர்வு அடங்கும் வரை சில விநாடிகள் பொறுத்து எடுங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருப்பதாகக் கணினி மறுத்தால், திறந்திருக்கும் வீடியோ பிளேயரையும் கோப்புறைகளையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் விடவில்லை என்றால் கணினியை அணைத்துவிட்டுக் கழற்றுவது, பிடுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கடற்கரை ஊர் என்பதால் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற பகுதிகளில் உப்புக் காற்று பட்டு யூஎஸ்பி முனைகள் மங்குவதுண்டு. பயன்படுத்தாத கேபிளை மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிரூட்டப்பட்ட அறையில் பல மணி நேரம் இருந்த டிஸ்க்கை வெளியே கொண்டுவந்தால் ஈரக் காற்று அதன்மேல் நீராகப் படியும். ஹீலியம் நிரப்பி மூடாத சாதாரண ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போய்வரச் சிறிய வடிகட்டித் துளை ஒன்று இருப்பதால் இந்த ஈரத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. எடிட்டிங் அறையிலிருந்து டிஸ்க்கை வாங்கி வந்தவுடன் மாட்டாமல், பையைத் திறக்காமலே அரை மணி நேரம் வைத்திருந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு இணையுங்கள். மழைக்காலத்தில், தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் டிஸ்க்குகளையும் யூபிஎஸ்ஸையும் தரையில் வைக்காமல் உயரமான அலமாரியில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்துபோனவற்றில் ஆல்பங்களோடு டிஸ்க்குகளும் இருந்தன. நனைந்த டிஸ்க்கைக் காயவைத்து மாட்டிப் பார்ப்பது மிகத் தவறு. மின்சாரம் கொடுக்காமல், உறைக்குள் இட்டு, மீட்புப் பணியாளரிடமே சேர்ப்பியுங்கள்.